வெடக்கோழி முட்டைக்கோழி ஆகும்போது: தீவனத்தை எப்போது, எப்படி மாற்றுவது

“ஏனுங்க்கா, பதினெட்டு வாரம் ஆயிருச்சுங்க, லேயர் தீவனம் போட்டர்லாமுங்களா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். லேயர் என்பது முட்டைக்கோழிக்கான, சுண்ணாம்புச் சத்து கூடிய தீவனம். மூட்டையில் அச்சடித்திருப்பது வாரக் கணக்கு, கேள்வியும் வாரக் கணக்கிலேயே வருகிறது. நான் திருப்பிக் கேட்பது வேறு. கொண்டை சிவந்துவிட்டதா? முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்காருகிறதா? பின்பக்க எலும்பு இரண்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது?

நாமக்கல்லில் ஒரு கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பதும் செத்த கோழியை அறுத்துப் பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. இப்போது மோகனூர் பக்கம் தோட்டத்தில் சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழிகள், கொஞ்சம் வெள்ளை லெகார்ன் என்ற சீமைக்கோழி என்று கலந்து வளர்க்கிறேன். இரண்டு இடத்திலும் கற்றது ஒன்றுதான்: கோழியின் வயதுக்குத் தீவனம் போடாதீர்கள், அதன் சூலகத்துக்குப் போடுங்கள். சூலகம் விழித்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது வேறு கோழி. ஈரல் வேறு, எலும்பு வேறு, ரத்தம் வேறு. கொலஸ்ட்ராலையும் வைட்டமினையும் அது கையாளும் விதமே மாறிவிடுகிறது. BV 300 போன்ற பண்ணைக் கோழியில் இந்த மாற்றம் 18 வாரத்தை ஒட்டி வரும். நாட்டுக்கோழியில் ஆறு மாதம்கூட ஆகும். ஒரே நாளில் பொரித்த நாட்டுக் குஞ்சுகளுக்குள்ளேயே ஒரு மாதம் முன்பின் இருக்கும்போது வாரக் கணக்கு எதற்கு உதவும்?

ரத்தத்தில் என்ன நடக்கிறது

முட்டை வைக்கும் கோழி ஒன்று, சேவல் ஒன்று. இரண்டின் இறக்கை நரம்பிலும் ரத்தம் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குழாய்களில் உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பாருங்கள். சேவலுடையது இளமஞ்சளாக, மறுபக்கம் தெரியும்படி இருக்கும். முட்டைக்கோழியுடையது கலங்கி, வெள்ளை படர்ந்து நிற்கும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் மாதிரி கெட்டுவிட்டது என்று கொட்டப் போவார்கள். அது கெட்டதல்ல, கொழுப்பு.

அந்தக் கொழுப்பு தீவனத்திலிருந்து நேராக வந்ததும் அல்ல. பெரும்பகுதி ஈரல் செய்தது. சூலகத்தில் வளரும் சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஈரலுக்கு இரண்டு பெரிய வேலைகளைத் தருகிறது. ஒன்று, வைட்டெலோஜெனின் என்ற மஞ்சள்கருப் புரதத்தைச் செய்வது. மற்றது, கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் சின்னஞ்சிறு பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் விடுவது. முட்டை வைக்காத கோழியில் இந்தப் பொட்டலம் ஒன்று 70 நானோமீட்டர் அளவுக்கு இருக்கும். முட்டை வைக்கும் கோழியில் ஏறத்தாழ 30 நானோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. சூலகத்தில் வளரும் மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சல்லடைச் சுவரில் நுழைய அந்த அளவுதான் சரி. பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சிறு புரதம், தசையும் தோலடிக் கொழுப்பும் வழியிலேயே அதைப் பிரித்துத் தின்றுவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதமும் ஈஸ்ட்ரோஜனின் ஏற்பாடுதான். மஞ்சள்கருவுக்கென்று கட்டியது மஞ்சள்கருவுக்கே போய்ச் சேர வேண்டும்.

சேவலின் ஈரலிலும் இதே மரபணுக்கள் இருக்கின்றன, கூப்பிட ஆளில்லாமல் கிடக்கின்றன. சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் முட்டையே வைக்காத அந்த உடம்பும் வைட்டெலோஜெனினைச் செய்யத் தொடங்கிவிடும், சீரமும் கலங்கும். அமெரிக்காவில் 1947 முதல் இதையே வியாபாரமாகச் செய்தார்கள். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சேவலின் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்தால் கறியில் கொழுப்பு ஏறி மெத்தென்று ஆகும். 1959இல் அங்கேயே கோழிகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். இன்றைய கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற ஊர்ப்பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆறு வாரத்தில் வெட்டப்போகும் பறவைகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுகிற பண்ணைக்காரர் கூலி கொடுத்தே நொடித்துப்போவார்.

ஒன்றைக் கவனியுங்கள். இதே ஈஸ்ட்ரோஜன் எலியில் நேர் எதிராக வேலை செய்கிறது. எலிக்கு அதை மிகுதியாகக் கொடுத்தால் ஈரலில் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பிகள் பெருகி, ரத்தக் கொலஸ்ட்ரால் சரிந்துவிடும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1979இல் இதைக் காட்டினார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுவதிலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதற்குப் பங்குண்டு. அதனால் மனிதர் கணக்கைக் கோழிக்கும், கோழிக் கணக்கை மனிதருக்கும் போடாதீர்கள். கோழிக்கு ரத்தக் கொழுப்பு ஏறுவது நோயல்ல, முட்டைக்குச் சரக்கு போகிறது என்று அர்த்தம்.

சரக்கை இறக்கிக்கொள்ளும் வாசல் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கும் கோழியே சாட்சி. வெள்ளை லெகார்னில் ஒரு மரபு வகை உண்டு. மஞ்சள்கருவின் மேல் இருக்கும் ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். ஈரல் கட்டி அனுப்புவது கருவுக்குள் நுழைய முடியாமல் ரத்தத்திலேயே தேங்கும். அந்தக் கோழி முட்டையும் வைக்காது, ரத்தக் குழாயும் கெடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

வீட்டில் ரத்தம் எடுக்கத் தேவையில்லை. முதல் முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, அது வெளியில் தெரியும்.

கொண்டையும் தாடையும் முதலில். வெளிறி, பொடிசாக, காய்ந்தாற்போல் இருந்த கொண்டை பெருத்து, சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இது ஈஸ்ட்ரோஜனின் வேலையல்ல, அதே சூலகம் கூடவே சுரக்கும் ஆண் ஹார்மோனின் வேலை. பெட்டைக்கு எதற்கு ஆண் ஹார்மோன் என்று கேட்காதீர்கள், சூலகத்தில் ஆண் ஹார்மோன்தான் முதலில் தயாராகிறது, அதிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன். அடுத்தது பதுங்கல். பின்னாலிருந்து கை நீட்டினால் ஓடிக்கொண்டிருந்த வெடக்கோழி ஒரு நாள் இறக்கையை லேசாக விரித்து அப்படியே உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது விரல் சோதனை. இதுதான் நம்பகமானது. சாயங்காலம் அடைந்தபின் கோழியை எடுத்து, தலை உங்கள் அக்குளுக்குள் போகும்படி இடுக்கிக்கொள்ளுங்கள். எச்சவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் கூராக இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். ஒரு விரல்கூடப் படுக்கையாக நுழையாவிட்டால் இன்னும் நாளிருக்கிறது. ஒன்றரை விரல் நுழைந்தால் சூலகம் விழித்துவிட்டது. இரண்டு, மூன்று விரல் நுழைந்து, எலும்பு முனை மெல்லியதாக வளைந்துகொடுத்து, எச்சவாய் அகலமாக ஈரமாக இருந்தால் முட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. முனைகள் தடித்து விறைப்பாக, கொழுப்பு மூடினாற்போல் இருந்தால் அது தின்று கொழுத்த கோழி. அதற்கு மக்காச்சோளத்தைக் குறையுங்கள்.

இருக்கும் கோழிகளில் பாதிக்கு மேல் ஒன்றரை விரல் வந்த நாள்தான் உங்கள் தீவன மாற்ற நாள். வாரத்துக்கு ஒரு சாயங்காலம் பார்த்தால் போதும்.

சுண்ணாம்பும் டி3யும்

ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில், இரையெடுக்காத நேரத்தில். அப்போது எங்கிருந்து எடுக்கும்? எலும்புக்குள் ஒரு சேமிப்பு இருக்கிறது. தொடை எலும்பைப் பிளந்து பார்த்தால், சேவலில் மஜ்ஜை இருக்கும் இடத்தில், முட்டைக்கோழிக்கு வெள்ளையாக, சுண்ணாம்புச் சிராய் மாதிரி எலும்பு நிறைந்திருக்கும். ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து, முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னால், அதை அங்கே கட்டுகின்றன. 2005இல் மேரி ஸ்வைட்சர் குழுவினர் அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த ஒரு டைரனோசரஸ் தொடை எலும்பில் இதே மாதிரி உள்ளெலும்பைப் பார்த்துத்தான், செத்துப்போனது பெட்டை என்றார்கள். நம் வீட்டுக் கோழி லேசுப்பட்டதல்ல.

இதே நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் வைட்டமின் டி பக்கமும் கை வைக்கிறது. தீவனத்தில் வரும் டி3 அப்படியே வேலை செய்யாது. ஈரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்தபிறகுதான் அது குடலிலிருந்து கால்சியத்தை இழுக்கும் வடிவத்துக்கு வரும். பறவையில் சிறுநீரகத்து நொதியை ஈஸ்ட்ரோஜன் தூண்டிவிடுகிறது. ரத்தக் கால்சியம் சேவலில் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமை ஒட்டி நின்றால், முட்டைக்கோழியில் 20ஐத் தாண்டிப் போகும். உபரியில் பெரும்பகுதி வைட்டெலோஜெனினோடு ஒட்டிக்கொண்டு மஞ்சள்கருவுக்குப் போவது.

இதிலிருந்து வருகிற நடைமுறை: சூலகம் விழிக்குமுன் சுண்ணாம்பைக் கொட்டினால் அதைக் கட்டி வைக்க எலும்பில் இடமில்லை. ஹார்மோன் இல்லாமல் டி3 எவ்வளவு கொடுத்தாலும் உள்ளெலும்பு கட்டாது. மிஞ்சிய கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். லேயர் தீவனத்தை முன்கூட்டியே தின்று செத்த வெடக்கோழிகளை மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் வீங்கி, நெஞ்சுப் பையிலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். தாமதித்தாலும் கேடுதான். உள்ளெலும்பு கட்டாமல் முட்டை தொடங்கிய கோழி தன் சொந்த எலும்பைக் கரைத்து ஓடு கட்டும், பிறகு ஒரு நாள் காலை எழ முடியாமல் கூண்டில் சாய்ந்து கிடக்கும்.

வீட்டில் தீவனம் கலப்பவர்களுக்கு அளவு சொல்கிறேன். கிளிஞ்சலில் கால்சியம் 38 சதவீதம் அளவுக்கு இருக்கும். வளரும் குஞ்சுக்கு 100 கிலோ தீவனத்தில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல் தூளோ 2 கிலோ, அதோடு டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 1 கிலோ. மொத்தக் கால்சியம் 1 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஒன்றரை விரல் வந்ததும் கிளிஞ்சலை 5 அல்லது 6 கிலோவாக்குங்கள், 2 சதவீதத்துக்கு மேல் வரும். முதல் முட்டையைப் பார்த்ததும் 9 கிலோ, அப்போது மூன்றரை சதவீதத்தைத் தாண்டும். கடைசி அளவில் பாதியாவது தூளாக இல்லாமல் 2 முதல் 4 மில்லிமீட்டர் கல்லாக இருக்கட்டும். தூள் சீக்கிரம் கரைந்து போய்விடும். கல் அரைவைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

என்னை மாதிரி குஞ்சு, வெடக்கோழி, சேவல், கிழக்கோழி எல்லாம் ஒரே முற்றத்தில் திரிகிற வீடுகளில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே ஒரே வழிதான். எல்லோருக்கும் வளர்தீவனத்தைப் போடுங்கள், கிளிஞ்சல் கல்லை மட்டும் ஒரு தனிச் சட்டியில் வையுங்கள். முட்டை வைக்கும் கோழி அதைத் தேடிப்போய்க் கொத்தும், சேவல் ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடும். மதியம் மூன்று மணிக்குமேல் பாருங்கள், சட்டியைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதை வைத்தே முட்டை வைப்பவர்களை எண்ணிவிடலாம்.

டி3க்கு வெயில் போதும், வெயில் படுகிற கோழியாக இருந்தால். கால், கொண்டை, கண்ணோரம் என்று இறகில்லாத இடங்களில் படுகிற வெயிலில் அது தானே செய்துகொள்ளும். வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் டி3 கூடுதலாகவே இருக்கும். கொட்டகைக்குள்ளேயே இருப்பவற்றுக்குத் தீவனத்தில் கிலோவுக்கு 2,000 முதல் 3,000 யூனிட் சேர்ப்பது பண்ணை வழக்கம். டி2 வேண்டாம், பறவைக்கு அது மிகச் சொற்பமாகவே உதவும். மருந்துக் கடையில் நமக்குக் கொடுக்கும் 60,000 யூனிட் பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுவது இப்போது பரவி வருகிறது. வேண்டவே வேண்டாம். மிகையான டி3 சிறுநீரகத்தையே சுண்ணாம்பாக்கும்.

காலின் மஞ்சள் எங்கே போகிறது

மஞ்சள் கால் உள்ள இனங்களில் மட்டும் இது செல்லும். வெள்ளை லெகார்னில் அருமையாகத் தெரியும். நம் சிறுவிடையில் வெள்ளைக் கால், கறுப்புக் கால், பச்சைக் கால் எல்லாம் உண்டு, அவற்றில் தேடாதீர்கள்.

மக்காச்சோளத்திலும் கீரையிலும் உள்ள மஞ்சள் நிறமி கொழுப்பில் கரைவது. ஈரல் கட்டும் பொட்டலங்களில் அதுவும் ஏறிக்கொள்கிறது. சூலகம் தூங்கும்போது அது தோலுக்கும் காலுக்கும் போகும், விழித்தபின் மஞ்சள்கருவுக்குப் போய்விடும். பழைய நிறம் தேய்ந்து உதிர்ந்த இடத்தில் புதியது வராது. அதனால் ஒரு வரிசையில் வெளுக்கும். முதலில் எச்சவாய், ஒரு வாரத்துக்குள். பிறகு கண் வளையம். அதன்பின் காது மடல். அலகு அடியிலிருந்து நுனிக்கு வெளுக்க ஒரு மாதத்துக்கு மேல். கால் முழுக்க வெளுக்க நாலைந்து மாதம். அலகு நுனிவரை வெளுத்து, காலும் வெளுத்திருந்தால் நிறுத்தாமல் வைக்கிற கோழி. கால் வெளுத்து, எச்சவாயும் கண்ணோரமும் மறுபடி மஞ்சளாக இருந்தால் அண்மையில் முட்டையை நிறுத்திவிட்டது. நிறம் திரும்புவதும் அதே வரிசையில்தான். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க இதைவிட மலிவான கருவி இல்லை.

தீவனத்தில் மக்காச்சோளத்தை எடுத்துவிட்டுக் குருணையும் கம்பும் போட்டால் எல்லாமே வெளுக்கும், ரத்தக்கழிச்சல் கண்டாலும் வெளுக்கும். அதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. மஞ்சள்கரு ஆரஞ்சாக இருந்தால் வைட்டமின் ஏ கூட என்று சந்தையில் அடித்துச் சொல்லுவார்கள். நிறம் தருவது லூட்டின் வகையறா, அது வைட்டமின் ஏ ஆக மாறாது. வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய பீட்டா கரோட்டினைக் கோழி பெரும்பாலும் குடலிலேயே மாற்றிவிடுகிறது, மஞ்சள்கருவில் அது கொஞ்சம்தான் சேரும். வெளிறிய கருவில் ஏ அதிகமாகவும் ஆரஞ்சுக் கருவில் குறைவாகவும் இருக்கலாம். அதற்காக முருங்கைக் கீரையையும் அகத்தியையும் நிறுத்திவிடாதீர்கள், வேறு நன்மைகள் இருக்கின்றன.

கொலஸ்ட்ரால் இல்லாத முட்டை

‘கொலஸ்ட்ரால் குறைந்த முட்டை’ என்று கூடுதல் விலைக்கு விற்பவர்களும், அதற்கென்று தீவன மருந்து விற்பவர்களும் உண்டு. ஒரு முட்டையில் 185 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கும். மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அத்தனையும் கோழி தானே செய்தது. வருஷத்துக்கு 300 முட்டை வைத்தால் 50 கிராமுக்கு மேல் ஆகிறது. ஒன்றரைக் கிலோப் பறவைக்கு அது பெரிய உற்பத்தி. குஞ்சு உருவாக அது வேண்டும், அதனால் சூலகம் அதைப் பேரம் பேச விடாது. மனிதர்களுக்குக் கொடுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரைகளையே கோழிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. முட்டையில் கொலஸ்ட்ரால் குறைந்தது, முட்டையின் எண்ணிக்கையும் சேர்ந்து குறைந்தது. பூண்டும் மஞ்சளும் மீன் எண்ணெயும் போட்டு அதைப் பாதியாக்குகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

தீவனத்தால் மாற்றக்கூடியவை வேறு: கொழுப்பின் வகை, வைட்டமின் ஈ, டி, ஏ, பி12, ரைபோஃபிளேவின். ஆளிவிதை போட்டால் ஒமேகா 3 கூடும். அதை விற்பவர் நேர்மையானவராக இருக்க வாய்ப்புண்டு.

அடைக்கு வைக்கும் முட்டைக்கு

தின்கிற முட்டைக்கும் அடை வைக்கிற முட்டைக்கும் தீவனத்தில் வித்தியாசம் வேண்டும். பி2 என்னும் ரைபோஃபிளேவின் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். அதை முட்டைக்குச் சுமந்து போகத் தனியாக ஒரு புரதம் இருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் சொன்னால்தான் ஈரல் அதைச் செய்யும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அடிகாவும் அவர் மாணவர்களும் பல காலம் இந்தப் புரதத்தை ஆராய்ந்தவர்கள். பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாத கோழிகள் உண்டு. அவை நலமாகத் திரியும், முட்டையும் வைக்கும், ஆனால் முட்டைக்குள் பி2 இராது. குஞ்சு இரண்டாவது வாரக் கடைசியில் முட்டைக்குள்ளேயே செத்துவிடும்.

நம் கோழிகளுக்குச் சுமக்கும் ஆள் இருக்கிறது, சுமையைத்தான் நாம் கொடுக்க வேண்டும். பி2 குறைந்த தாய்க்கோழி வெளியே ஒன்றும் காட்டாது. பொரிப்பு குறையும், பொரித்த குஞ்சுக்குக் கால்விரல் உள்ளே சுருண்டிருக்கும். ஒரு மஞ்சள்கரு வேகமாக வளர்வது கடைசி ஒரு வாரம், பத்து நாளில்தான். அதனால் அடை முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கீரை, மோர், பி காம்ப்ளெக்ஸ் இவற்றைத் தொடங்கிவிடுங்கள். முட்டை சேர்க்கும் நாள்களிலும் விடாமல் கொடுங்கள். வெளிச்சத்தில் பி2 சிதையும், மருந்து கலந்த தண்ணீரை வெயிலில் வைக்காதீர்கள். ஒரு அளவுக்குமேல் கொடுத்துப் பயனில்லை. சுமக்கும் புரதம் நிறைந்துவிட்டால் மிச்சம் எச்சத்தில் போகும். முட்டையை உடைத்தால் வெள்ளைக்கருவில் இலேசான பச்சை மஞ்சள் சாயல் தெரிந்தால் பி2 போய்ச் சேர்கிறது, பயப்படாதீர்கள்.

வெள்ளைக்கருவில் இன்னொரு புரதம், அவிடின். இதை வரவழைப்பது புரோஜெஸ்டிரோன், இடம் ஈரல் அல்ல, முட்டைக் குழாய். ஓர் அவிடின் நாலு பயோட்டினைப் பிடித்துக்கொண்டு விடாது. கட்டுச்சேவலுக்கும் குஞ்சுக்கும் பச்சை முட்டை ஊற்றுகிறவர்கள் கேளுங்கள்: தொடர்ந்து ஊற்றினால் பாதம் வெடிக்கும், அலகோரம் புண்ணாகும். வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும். அவித்துப் பிசைந்து போடுங்கள்.

கோடையில் ஈரல்

நன்றாக முட்டை வைக்கிற, கொழுகொழுவென்றிருக்கிற கோழி. நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று காலை செத்துக் கிடக்கிறது, கொண்டை வெளுத்துப்போய். அறுத்தால் வயிற்றுக்குள் ரத்தக்கட்டி. ஈரல் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக, விரல் பட்டாலே உடைகிற மாதிரி. கொழுப்பு ஈரல் வெடித்து ரத்தம் கசிந்து சாவது இது. நாமக்கல் கோடையில் கூண்டுக் கோழிகளில் அடிக்கடி பார்க்கிற சாவு.

ஈரலுக்குக் கொழுப்புச் செய்யும் வேலையைக் கொடுத்ததே ஈஸ்ட்ரோஜன். செய்ததைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்ப கோலின் என்ற வைட்டமின் வகைச் சத்தும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் வேண்டும். மக்காச்சோளம் மிஞ்சி, நடமாட்டம் குறைந்து, வெக்கையும் சேர்ந்தால் செய்வது அதிகம், அனுப்புவது குறைவு. மிச்சம் ஈரலிலேயே தேங்கும். ஆரோக்கியமான முட்டைக்கோழியின் ஈரலே சேவலுடையதைவிடப் பெரிதாகவும் வெளிறியும்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உடைகிற தன்மையும் ரத்தக்கட்டியும்தான் அடையாளம்.

மாசியிலிருந்தே மக்காச்சோளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டுங்கள். கோலின் குளோரைடை 100 கிலோ தீவனத்துக்கு 50 முதல் 100 கிராம் சேருங்கள். அதை வைட்டமின் பொடியோடு ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்து மற்ற வைட்டமின்களைக் கெடுத்துவிடும், போடும்போது தனியாகக் கலக்குங்கள். வைட்டமின் ஈயும் உதவும். ஏ சத்து மருந்தை மட்டும் அள்ளி ஊற்றாதீர்கள், ஏ மிகுந்தால் ஈயும் டியும் உடம்பில் சேராது. கூண்டில் இருப்பவற்றை முடிந்தால் கீழே இறக்கி விடுங்கள்.

இறகு உதிர்க்கும் காலத்திலும் அடைக்கு உட்கார்ந்த காலத்திலும் இவையெல்லாம் தலைகீழாகும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும், ஈரல் சுருங்கும், சீரம் தெளியும், கொண்டை வாடும். அப்போது கிளிஞ்சல் சட்டி போதும், கலந்த தீவனத்தில் சுண்ணாம்பு வேண்டாம். இறகு உதிர்ப்பவற்றுக்குப் புரதம் கூட்டுங்கள், கருவாட்டுத் தூள் நல்லது. மறுபடி எப்போது மாற்றுவது என்று வாரத்தை எண்ணாதீர்கள், அதே விரல் சோதனைதான்.

காரணம் தெரியாமல் ஒரு கோழி செத்தால் புதைக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் ஈரலில் ஒன்றும் படிக்க முடியாது. பாலித்தீன் பையில் போட்டு, பையைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்து, அன்றைக்கே. கூடவே அது தின்ற தீவனம் ஒரு கிலோவும், கடைசியாக முட்டை வைத்தது எப்போது என்று ஒரு துண்டுச் சீட்டும்.